பச்சை மை

அந்த மருந்துக்கடையில், கல்லாவுக்கு மேலே, கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. அதில் பெயர் எழுதியிருக்கிற மனிதரை அந்தத் தெருவில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எங்கேயோ வேறு வேலை பார்க்கிறாராம். கடை என்றால் படித்த மருந்தாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். சுவரில் இருக்கிறாரே, போதாதா என்பது முதலாளியின் நியாயம்.

இதற்கு முன்னால் அதே ஆணியில் தொங்கியது பச்சை மையின் சான்றிதழ். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. கடைக்கு வருகிறவர்கள் அவளைப் ‘பச்சை மை அக்கா’ என்பார்கள். அவளிடம் திட்டு வாங்கியவர்கள் அந்த அக்காவையும் கழற்றிவிட்டு வெறும் ‘பச்சை மை’ என்பார்கள். அவள் சான்றிதழ் தொங்கிய காலம் முழுக்க அதற்குக் கீழே ஆளும் நின்றாள். கடைசியில் விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு மருந்து டப்பாவை மேசைமேல் வைத்து, இது உங்கள் எழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதற்குமேல் அவர் கேட்டதற்கெல்லாம் முதலாளிதான் பதில் சொன்னார். இன்று ஒரு பெண்பிள்ளையின் சாவுக்கு அவள்தான் காரணம் என்று தெரு பேசுகிறது. இல்லை என்று மறுக்க அவளும் தயாராக இல்லை.

அவளிடம் மருந்து வாங்குவது லேசுப்பட்ட காரியமாக இருந்ததில்லை. மற்ற கடைகளில் சீட்டை நீட்டினால் மருந்து வரும், இவளிடம் நீட்டினால் கேள்விதான் வரும். யாருக்கு, என்ன வயது, வேறு என்னென்ன மாத்திரை ஓடுகிறது, முன்னால் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா. எல்லாவற்றையும் கேட்டு முடித்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, மருந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க” என்பாள். மீசை நரைத்த லாரி டிரைவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, “காலையில ஒண்ணு, சாப்பிட்ட பிறகு, வெறும் வயித்துல கூடாது” என்று ஒப்பித்ததைத் தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது. தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து.

சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு அவள் பதில் ஒன்றுதான். “தூக்கம் வரலைன்னா டாக்டரைப் பாருங்க. என்னைப் பாத்துட்டு நின்னா இன்னும் வராது.”

முதலாளி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சிரித்த முகம், யார் வந்தாலும் நாற்காலி எடுத்துப் போடுவார். ஆனால் மருந்தும் சோப்பும் அவருக்கு ஒன்றுதான், இரண்டும் அலமாரியில் இருக்கும், இரண்டும் போக வேண்டும். “கடைக்கு வர்றவனுக்கெல்லாம் பரீட்சை வச்சா எவன்மா வருவான்?” என்று தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டாலும் அவளை அனுப்பவில்லை. அவளைத் திட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்கள்கூட, வீட்டில் யாருக்காவது நிஜமாகவே முடியாமல் போனால் அவளிடம்தான் திரும்பி வந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு என்ன விலை என்று முதலாளிக்கு நன்றாகத் தெரியும்.

பச்சை மை சமாச்சாரம் பிரிட்ஜிலிருந்து தொடங்கியது. குளிரில் வைக்க வேண்டிய மருந்துகள் வந்து இறங்கியதும் அவள் ஒவ்வொரு டப்பாவையும் எடுத்து, மூடியில் பச்சைப் பேனாவால் காலாவதி மாதத்தைப் பெரிதாக எழுதுவாள். கம்பெனிக்காரன் அச்சடிப்பது எறும்பு எழுத்து, கிழவர்களுக்குத் தெரியாது என்பாள். அதற்குக் கீழே, ‘குளிரில் வை, உறைய விடாதே’ என்று இன்னொரு வரி. உருண்டை உருண்டையான எழுத்து, பார்த்தவுடன் தெரியும். பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டுத்தான் மருந்து வெளியே வருகிறது என்று மருந்துக் கம்பெனிப் பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. அவள் கணவன் டயர் கடையில் வேலை பார்ப்பவன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. “எங்க வீட்டுல உப்பு ஜாடிக்குக்கூடக் காலாவதி எழுதியிருக்கு. என் முதுகுல மட்டும்தான் இன்னும் எழுதல” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். “உனக்கு எப்பவோ தேதி முடிஞ்சுபோச்சு, தூக்கிப்போட மனசு வரல” என்பாள் அவள். பிள்ளை இல்லாத வீடு அது. இருவரும் இப்படி ஒருவரை ஒருவர் சீண்டித்தான் சாயங்காலத்தை ஓட்டினார்கள்.

தையல்காரம்மாவின் மகள் அவர்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று, தையல்காரம்மா ஆஸ்பத்திரிச் சீட்டோடு நேராக இவளிடம்தான் வந்தாள். தெருமுனையில் ஒற்றை மெஷின் போட்டு ஜாக்கெட்டும் திரைச்சீலையும் தைக்கிற பெண்மணி. நாளெல்லாம் ஊசியோடு குடும்பம் நடத்துகிறவள், மகளுக்கு ஊசி போட வேண்டும் என்றதும் வெலவெலத்துப்போய் நின்றாள். “துணியில குத்துறது வேற, பிள்ளை வயித்துல குத்துறது வேற. என்னால ஆகாது அக்கா” என்று அழுதாள்.

பச்சை மை ஆறுதல் சொல்லத் தெரியாதவள். பழக்கடையிலிருந்து ஓர் ஆரஞ்சு வாங்கி வரச் சொல்லி, கல்லா மேசையில் வைத்து, தண்ணீரை ஊசியில் ஏற்றி, எப்படிப் பிடிப்பது, எந்தக் கோணத்தில் இறக்குவது, குத்திய பிறகு எவ்வளவு நேரம் விட்டு வைப்பது என்று காட்டினாள். தாய் நடுங்கிக்கொண்டே நிற்க, மகள் ஊசியை வாங்கிப் பழத்தில் குத்தினாள். “திருப்பிச் சொல்லு” என்றதும், ஒரு சொல் விடாமல், பச்சை மையின் குரலிலேயே, அவள் கையை ஆட்டுகிற மாதிரியே ஆட்டிச் சொன்னாள். கடையே சிரித்தது. பச்சை மையும் சிரித்துவிட்டாள். முதலாளி அதை அதிசயமாகப் பார்த்தார்.

அதிலிருந்து மாதா மாதம் தாயும் மகளும் சேர்ந்துதான் வருவார்கள். பெண் எட்டிப் பார்த்து மூடியைப் படிப்பாள். “உறைய விடாதே. சரி, விடமாட்டேன்” என்பாள். இன்சுலின் அவளுக்கு மருந்து அல்ல, மூச்சு. சில நாள் நின்றால் உயிர் தாங்காது. இதை அந்தத் தெருவில் அந்தத் தாயைவிட நன்றாக அறிந்தவள் பச்சை மை ஒருத்திதான்.

கடையிலிருந்தது சாதாரண வீட்டு பிரிட்ஜ். மருந்துக்கென்று இருக்கிற பிரிட்ஜ் வேறு. அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவள் தானாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். இன்சுலின் டப்பாக்களுக்கு நடுவே சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அது தண்ணீராகவே இருக்கிறவரை கவலையில்லை. கட்டியாகிவிட்டால் பக்கத்திலிருக்கும் மருந்தும் உறைந்துவிட்டது என்று அர்த்தம். உறைந்த இன்சுலின் உருகியதும் பழையபடி தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் அதில் மருந்தின் வேலை இருக்காது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கிண்ணம். அதற்குக் ‘காவல்காரன்’ என்று பெயர் வைத்திருந்தாள். காலையில் வந்ததும் முதல் வேலை, விரலை விட்டுக் காவல்காரன் விழித்திருக்கிறானா என்று பார்ப்பதுதான்.

அந்த வருடம் வெயில் கொளுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். குளிர்பான பாட்டில்களைக் கடை பிரிட்ஜில் அடுக்கி, சீக்கிரம் ஜில்லென்று ஆகட்டும் என்று குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டார். பாட்டில்கள் போய்விட்டன, குமிழ் அப்படியே நின்றுவிட்டது. திங்கட்கிழமை அவள் விரலை விட்டபோது கிண்ணத்தில் கல் மாதிரிக் கட்டி இருந்தது.

ஒரு டப்பாவைப் பிரித்துப் பார்த்தாள். குப்பிக்குள்ளும் பனிக்கட்டி.

“அண்ணே, இன்சுலின் அத்தனையும் போச்சு” என்றாள்.

முதலாளி பதறி ஓடி வந்து தொட்டுப் பார்த்தார். அப்புறம் நிம்மதியாக மூச்சு விட்டார். “பயமுறுத்திட்டியேம்மா. நல்லா ஜில்லுன்னுதானே இருக்கு? வெயில்ல கெடந்தாத்தான் கெடும். குளிர்ல வைன்னு நீதானே எழுதியிருக்க?”

“கீழ இன்னொரு வரியும் எழுதியிருக்கேன்ல. அதையும் படிங்க.”

“ஐஸ்ல வச்ச எதுவாவது கெட்டுப்போகுமா? கொஞ்ச நேரம் வெளிய வச்சா உருகிடும். யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்” என்றாள்.

அன்று பகல் முழுக்க அந்தப் பேச்சுதான். அவர் கெஞ்சினார், நஷ்டத்தைச் சொன்னார், குரலை உயர்த்தினார். இவள் இறங்கி வரவில்லை. அத்தனை டப்பாவையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, சுற்றி டேப் ஒட்டி, ‘கெட்டது, விற்கக் கூடாது’ என்று பெட்டிமேல் பச்சை மையில் எழுதினாள். பிறகு பெட்டியை மறுபடி திறந்து, ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் குறுக்கே கோடு போட உட்கார்ந்தாள். கெட்ட சரக்கை அப்படித்தான் செய்ய வேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல.

முதலாளி அவள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. “நீ சொல்றதைக் கேட்டுட்டேன். விக்கல, போதுமா? கம்பெனிக்கே திருப்பி அனுப்புறேன். ஆனா டப்பாவுல கிறுக்கி வச்சா அவன் எடுத்துக்க மாட்டான். வெளிப்பெட்டியில எழுதினது போதும், விடும்மா. எனக்காக இந்த ஒண்ணு.”

அவ்வளவு நேரம் மல்லுக்கு நின்றவர் இறங்கி வந்துவிட்டாரே என்று அவளுக்கும் மனது இளகிவிட்டது. பேனாவை மூடினாள். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் விட்டுக்கொடுத்தது அந்த ஒன்றுதான். அதற்கே இந்தத் தண்டனை. நாள் முழுக்க விட்டுக்கொடுத்துப் பிழைக்கிற கடைக்காரர்கள் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

மறுநாள் பின்னறையில் பெட்டி இல்லை. “கம்பெனிக்கு அனுப்பியாச்சு” என்றார் முதலாளி. அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடம், “மனுஷன் திருந்திட்டாருய்யா” என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அந்த வாரமே தையல்காரம்மா வந்தாள், இந்த முறை தனியாக. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. வீட்டில் குப்பியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம், அன்று ராத்திரிக்கே போதாது என்றாள். கடையில் இன்சுலின் இல்லை. புது லோடு வர இன்னும் சில நாளாகும். பச்சை மை அடுத்த தெருக் கடைக்குப் போன் போட்டாள். அது முதலாளியின் மச்சினன் வைத்திருந்த கடை.

“இருக்கு அக்கா. இப்பத்தான் வந்துச்சு” என்றான் அவன்.

“பிரிட்ஜ்லதானே வச்சிருக்க?”

“என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? உங்ககிட்ட திட்டு வாங்கியே வளந்தவன் நான்.”

தையல்காரம்மாவுக்குப் போகத் தயக்கம். “உங்க கையால வாங்கித்தான் பழக்கம்” என்றாள். “மருந்து எங்க வாங்கினா என்ன? கைராசியா பாக்குறீங்க? போங்க, கடை மூடிடப்போறான்” என்று அதட்டித்தான் அனுப்பினாள் பச்சை மை.

அடுத்த வாரம் தையல்காரம்மா கடை வாசலில் நின்று, உள்ளே வராமலே பேசினாள். மகள் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள், ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போகிறாள், சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. “கேட்டா ஒண்ணும் திங்கலங்கிறா. பரீட்சை முடிஞ்சு பிள்ளைங்களோட சேந்து மிட்டாய் தின்னிருப்பா. பொய் வேற. நேத்து கை ஓங்கிட்டேன் அக்கா.”

பச்சை மை வழக்கம்போல எல்லாக் கேள்வியும் கேட்டாள். ஊசி எந்த இடத்தில் போடுகிறார்கள், அளவு சரிதானா, குப்பியை எங்கே வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தது. “மருந்து நல்லா இருக்குல்ல?” என்று கடைசியாகக் கேட்டாள்.

“அதுல சந்தேகமே வேணாம். பாத்துத்தான் வாங்கினேன்” என்றாள் தையல்காரம்மா.

யார் சொன்னாலும் நம்பாமல், குப்பியைக் கொண்டு வா, கண்ணால் பார்க்கிறேன் என்கிறவள், அன்று கேட்கவில்லை. மூன்று பேர் சீட்டோடு பின்னால் நின்றார்கள். உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்று மட்டும் அழுத்திச் சொன்னாள். தையல்காரம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய திரைச்சீலைகள் மெஷினில் கிடந்தன. போகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போனாள், ஆனால் போகவில்லை.

புது லோடு இறங்கிய அன்று காலை, பச்சை மை டப்பாக்களை மேசையில் பரப்பி எழுத உட்கார்ந்த நேரத்தில், தையல்காரம்மா வந்தாள். தலை வாரவில்லை, செருப்பு ஒன்று மாறியிருந்தது. மகள் வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, பேச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றாள். நர்ஸ் அவசரமாக இன்சுலின் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். மடியிலிருந்து ஒரு காலி டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இதையே குடுங்க அக்கா. பச்சை மை போட்டதா.”

பச்சை மை அந்த டப்பாவைக் கையில் எடுத்தாள். மூடியில் காலாவதி மாதம் இருந்தது. அதற்குக் கீழே அவளுடைய உருண்டை எழுத்தில் அந்த இரண்டாவது வரி இருந்தது. அத்தனை டப்பாவையும் பெட்டியில் போட்டு டேப் ஒட்டியது அவள் கண் முன்னால் வந்து நின்றது. முதலாளி கல்லாவில் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

“இது எங்க வாங்கினீங்க?”

“நீங்க அனுப்பின கடையிலதான். அவர் முதல்ல வேற டப்பா ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு, அவர் பிரிட்ஜ்ல ஏற்கனவே இருந்தது. பக்கத்துல பாத்தா உங்க எழுத்து. அது வேணாம், எங்க அக்கா எழுதினதைக் குடுங்கன்னு மாத்தி வாங்கிட்டு வந்தேன்.”

அந்தக் கடையில் நல்ல மருந்தும் இருந்திருக்கிறது. கையில் கொடுத்தும் இருக்கிறான். பச்சை மை டப்பாவைத் திருப்பி அந்த வரியை மறுபடி படித்தாள். வாயை மூடிக்கொண்டு புது டப்பாவைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அந்த நேரத்தில் உலகத்தில் யாருக்கும் தெரியாது. முதலாளி தலையைத் தூக்கி, கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் அங்கே டாக்டருக்கு இது தெரிந்தாக வேண்டும், பிள்ளை ஒரு வாரமாக மருந்தே இல்லாமல் இருந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியாகப் பார்ப்பார்கள். அவள் சொன்னாள்.

“இது உறைஞ்சுபோன மருந்தும்மா. இதுல ஒண்ணுமே இல்ல. விக்கக் கூடாதுன்னு நான்தான் ஒதுக்கி வச்சேன். இது எப்படியோ அங்க போயிருக்கு. டாக்டர்கிட்ட இதை உடனே சொல்லுங்க. உங்க பொண்ணு மிட்டாய் திங்கலம்மா.”

தையல்காரம்மா கத்தவில்லை. அடிக்க வந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். காலி டப்பாவையும் பச்சை மையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள்மேல் ஓங்கிய கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“ஒதுக்கி வச்சப்ப உங்க எழுத்தை அடிச்சிருக்கலாமே அக்கா” என்றாள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அந்தப் பெண் போய்விடுவாள் என்று இருவருக்கும் அப்போது தெரியாது. எப்படியும் மருந்து கொடுத்தாக வேண்டும். பச்சை மை புது டப்பா ஒன்றை எடுத்தாள். கண் மறைத்தது. கை மட்டும் பழக்கத்தில் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டது.

தையல்காரம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“வேணாம்” என்றாள். “எழுதாததாவே குடுங்க.”